ஏனுங்க, ‘ஏ’ன்னு ஒரு பேரு

அயர்லாந்தில் ஒரு பழைய ஆண் பெயர் உண்டு. ஆங்கில எழுத்தில் ஏ, ஓ, டி, எச் என்று நான்கெழுத்து. முதல் தடவை பார்க்கிற நம் ஆட்கள் ‘அயோத்’ என்பார்கள், ‘ஆவ்த்’ என்பார்கள். டப்ளின் கம்பெனிக்கு வேலை செய்யும் சரவணம்பட்டி ஐ.டி. ஆளோ, அந்தப் பக்கம் பனியன் அனுப்பும் திருப்பூர் மெர்ச்சண்டைசரோ மெயிலில் பார்த்தால், போனில் ‘சார்’ போட்டுச் சமாளிக்கத்தான் தோன்றும். உண்மையில் இதைவிடச் சுலபமான பெயர் கிடையாது. ‘ஏ’. அவ்வளவுதான். வடக்கே அல்ஸ்டர் பக்கம் ‘ஈ’ என்பார்கள்.

சங்கடம் தமிழில் எழுதும்போதுதான் வரும். ‘ஏ ஓ நீல்’ என்று எழுதிப் பாருங்கள். யாரோ நீல் என்பவருக்கு இரண்டு இனிஷியல் என்றுதான் படிப்போம். ஆனால் ‘ஏ’ அவர் பெயர், ‘ஓ நீல்’ அவர் குடும்பப் பெயர். அதனால் பழைய காலத்து ஆட்களை ‘ஆய்த்’ என்றும், பிற்காலத்தவர்களை மேற்கோள் குறிக்குள் ‘ஏ’ என்றும் எழுதுவது நல்லது. இந்தப் பதிவில் அப்படித்தான் செய்கிறேன்.

‘ஆய்த்’ எப்படி ‘ஏ’ ஆனது என்பதை வெள்ளைக்காரனுக்கு விளக்குவதைவிட நமக்கு விளக்குவது எளிது. தேவையான ஒலிகள் எல்லாம் நம் வாயிலேயே இருக்கின்றன. ‘அது’ என்று சொல்லுங்கள். நடுவில் வரும் ‘து’வில் நாக்கு பல்லை அழுத்தாமல் தடவிவிட்டுப் போகிறது இல்லையா? பழைய அயர்லாந்து மொழியில் இந்தப் பெயரின் கடைசி எழுத்து அந்த ஒலிதான். 12, 13-ஆம் நூற்றாண்டுகள் வாக்கில் அது பல்லை விட்டுத் தொண்டைக்கு இறங்கியது. ‘அகம்’ என்று சொல்லும்போது உரசுகிற க மாதிரி. பிறகு அந்த உரசலும் தேய்ந்து, உயிர் மட்டும் நின்றது. நம்மிடமும் பகுதி பாதி ஆகவில்லையா, மகன் மவன் ஆகவில்லையா? அதே தேய்மானம்தான். எழுத்தில் மட்டும் டி-யும் எச்-சும் காலிப் பானை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

அந்த எச்-சுக்கு ஒரு கதை. பழைய அயர்லாந்து அச்சில் அது கிடையாது. டி-யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போகும், அவர்கள் எழுத்தில் புள்ளி வைத்தால் வன்மை போகும். ரோமன் அச்செழுத்துக்கு மாறியபோது புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஒரு எச் வந்தது. ஐரிஷ் பெயர்களில் அத்தனை எச் ஏன் என்று மலைப்பவர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றைப் புள்ளி என்று எண்ணிப் படித்தால் பாதி பயம் தெளியும்.

பொருள்: தீ. கெல்டிக் மொழிகளில் ‘ஐது’ என்பது போன்ற மூலச் சொல். அதற்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய வேர் ‘எரிதல்’ என்பது. அந்த வேர் நம் வீட்டுக்குள்ளேயும் வேறு வழியாக வந்திருக்கிறது. புதுமனை புகுவிழா ஹோமத்தில் ஐயர் அரச மரத்துச் சுள்ளியை நெய்யில் தொட்டுப் போடுவாரே, சமித்து, அந்தச் சமஸ்கிருதச் சொல்லில் உள்ள ‘இத்’ இதே வேர். எரிபொருளுக்கு வடக்கே சொல்லும் இந்தனமும் அதுவே. லத்தீனில் கோயிலையும் வீட்டையும் குறித்த ‘ஏடெஸ்’ முதலில் அடுப்படியைச் சுட்டியது என்பார்கள். ஆக, அயர்லாந்துக்காரன் பெயருக்கும் ஹோமக் குச்சிக்கும் சொந்தம் உண்டு. தமிழுக்கு அந்தச் சொந்தம் கடன் வாங்கிய வழியில் மட்டுமே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘மக்’ என்றால் ஐரிஷில் மகன். 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் கல்லில் வெட்டிய ஓகம் எழுத்தில் அது ‘மக்கி’ என்று நிற்கிறது. கல்லின் ஓரத்தை நடுக்கோடாக வைத்து இருபுறமும் கீறல் போடும் எழுத்து அது. சுமார் 400 கல் கிடைத்திருக்கிறது, பெரும்பகுதி தெற்கே கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு பக்கம். ‘இன்னார், மக்கி இன்னார்’ என்பதுதான் வாசகம். இதைப் பார்த்ததும் ‘மகன்! தமிழ்!’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுவார்கள். வேண்டாமுங்க. வேல்ஸ் மொழியில் அதே சொல் ‘மாப்’. நடுவில் இருந்த ‘க்வ’ போன்ற ஒலி ஒரு பக்கம் க ஆகவும் இன்னொரு பக்கம் ப ஆகவும் போனது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

ஒப்பிட வேண்டியது சொல்லை அல்ல, பழக்கத்தை. கரூர்ப் பக்கம் வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலையில், புகழூர்க் கல்வெட்டு என்று சொல்வார்களே, அதில் தமிழி எழுத்தில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ’ என்று மூன்று தலைமுறை நிற்கிறது. நாம் அப்பனை முதலில் வைத்துப் பிள்ளைக்கு வருகிறோம். அவர்கள் பிள்ளையை முதலில் வைத்து அப்பனுக்குப் போகிறார்கள். ஆதனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இந்தப் பெயரைச் சுமந்தவர்களுக்கு வருவோம். ஆரம்பகால அயர்லாந்தில் நம்மூர்ப் பழனிசாமி மாதிரி இது தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்த பெயர். உயர் அரசர்கள், அதாவது சிற்றரசர்களுக்கு மேலான அரசர்கள், என்று பட்டியலிடப்பட்டவர்களிலேயே 598-இல் இறந்த ஆய்த் மக் ஐன்மிரெக், 604-இல் ஆய்த் ஸ்லானே, 612-இல் ஆய்த் ஊரித்னாக், 743-இல் ஆய்த் அல்லான், 819-இல் ஆய்த் ஓர்ட்னிதே, 879-இல் ஆய்த் ஃபின்லியத் என்று ஆறு பேர். லிமாவாடி அருகே ட்ரிம் கெட் என்ற இடத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. மரபாகச் சொல்லும் ஆண்டு 575. அதில் ஒரு பக்கம் ஆய்த் மக் ஐன்மிரெக், எதிர்ப் பக்கம் ஸ்காட்லாந்துக் கரையை ஆண்ட ஆய்தான் மக் கப்ரான். இருவர் பெயரும் ஒன்றுதான், இரண்டாவதில் செல்லமாக ‘ஆன்’ சேர்ந்திருக்கிறது.

அந்த ‘ஆன்’தான் இன்று உலகம் முழுக்கச் சுற்றும் ஏடன் என்ற பெயர். அயோனா தீவிலிருந்து 635-இல் வடக்கு இங்கிலாந்துக்குப் போய் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை நிறுவிய துறவி ஏடன், 651 ஆகஸ்ட் 31-இல் இறந்தார். அவர் வழியாகத்தான் இது கிறிஸ்தவப் பெயராக நிலைத்தது. பைபிளில் வரும் ஏதேன் தோட்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது எபிரேயச் சொல். இன்னொரு செல்லப் பெயர் இன்னும் சுவையானது: மோ ஆய்த் ஓக், ‘என் சின்ன ஆய்த்’. நாம் ‘எங்க கண்ணு’ என்கிற மாதிரி. அது ஒட்டிப்போய் மைதோக் ஆகி, ஃபெர்ன்ஸ் ஊர்த் துறவியின் பெயராகி, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் மோக் என்று தேய்ந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது மோக்-கைச் சிலர் ஏடன் என்றார்கள், சிலர் மோசஸ் என்றே எழுதிவிட்டார்கள். தீ என்ற பெயர் மோசே ஆன விதம் இதுதான்.

அயர்லாந்துப் பழங்கதையிலும் உண்டு. மாற்றாந்தாயின் சாபத்தால் அன்னமாகி 900 வருஷம் நீரில் கிடந்த லிர்-இன் நான்கு பிள்ளைகளில் ஒருவன் ‘ஏ’.

ஒரே பெயர் இத்தனை பேருக்கு இருந்தால் அடைமொழி இல்லாமல் ஆகாது. நம் ஊரில் மேட்டுக்காட்டுப் பழனிசாமி, கட்டைப் பழனிசாமி, செவத்தப் பழனிசாமி. அங்கே ‘ஏ’ ரூவா என்றால் செந்தலை, ‘ஏ’ பீ என்றால் மஞ்சள் தலை, ‘ஏ’ மோர் என்றால் பெரிய. 1593 முதல் 1603 வரை எலிசபெத் ராணியின் படையோடு அல்ஸ்டர் நடத்திய போரை எடுத்தால், அயர்லாந்துப் பக்கத் தலைவர்கள் மூன்று பேரும் ‘ஏ’-க்கள். டைரோன் தலைவர் ‘ஏ’ மோர் ஓ நீல், டோனகால் தலைவர் ‘ஏ’ ரூவா ஓ டோனல், ஃபெர்மனா தலைவர் ‘ஏ’ மக்வயர். ஆங்கில வரலாற்றில் மூவரும் ‘ஹியூ’.

ஓ டோனல் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1572-இல் பிறந்தவர். 1587-இல் ரத்மல்லன் கடற்கரையில் ஒயின் விற்க வந்ததாகக் காட்டிய கப்பலுக்குள் அழைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு போய் டப்ளின் கோட்டையில் அடைத்தார்கள். ஒரு தடவை தப்பி மாட்டிக்கொண்டார். 1591 முடிந்து 1592 பிறக்கும் குளிரில் இரண்டாம் முறை தப்பினார். கூட வந்த ஆர்ட் ஓ நீல் விக்லோ மலைப் பனியிலேயே இறந்துபோனார். ஓ டோனல் பிழைத்தார், காலின் பெருவிரல்கள் இரண்டும் போயின. 1601 கடைசியில் கின்சேல் சண்டையில் தோற்றதும் உதவி கேட்டு ஸ்பெயின் போனவர், 1602 செப்டம்பரில் சிமான்காஸில் இறந்தார், வயது 29. பக்கத்து வல்லாடோலிட் நகரில் அவரை அடக்கிய இடத்தை 2020-இல் தோண்டிப் பார்த்தார்கள், கால் பெருவிரல் இல்லாத எலும்புக்கூட்டைத் தேடி.

ஓ நீல் 1598-இல் மஞ்சள் துறைச் சண்டையில் ஆங்கிலப் படையை நொறுக்கியவர். 1603-இல் பணிந்தார், 1607-இல் அதே ரத்மல்லனில் கப்பல் ஏறினார், 1616-இல் ரோமில் இறந்தார். இவர் 1590-இல் தூக்கில் போட்ட பங்காளியின் பெயரும் ‘ஏ’தான்! அடைமொழி கெய்ம்லியாக், ‘விலங்கு பூட்டியவன்’. பதவிக்குப் போட்டி. பங்காளிச் சண்டைக்கு நாடு ஏது.

இந்த ‘ஏ’ எப்படி ஹியூ ஆனது? ஹியூ ஜெர்மானியப் பெயர், பொருள் மனம், சித்தம் என்பது போல. 1169-க்குப் பிறகு, இங்கிலாந்தைப் பிடித்து ஆண்ட நார்மன்காரர்களோடு அயர்லாந்துக்குள் வந்தது. ஒன்றுக்கொன்று துளி சம்பந்தம் இல்லை. அந்தக் கட்டத்தில் நம் பெயர் தொண்டை உரசலோடு ‘ஊக்’ என்பது போல ஒலித்ததால் ஆங்கில எழுத்தர் காதில் ஹியூ என்று விழுந்தது, அப்படியே பேரேட்டில் ஏறியது. அதனால் பழைய ஆவணங்களில் ஹியூ என்று கண்டால் அது நார்மன்காரனா, ஐரிஷ்காரனா என்று முதலில் பார்க்க வேண்டும். நார்மன் பிரபு ஹியூ டி லேசி உண்மையான ஹியூ. ஹியூ ஓ நீல் பேரேட்டு ஹியூ.

இனி குடும்பப் பெயர்கள். இங்கே நம் பள்ளிக்கூட இலக்கணம் கைகொடுக்கும். ‘ஓ’ என்றால் வழித்தோன்றல், ‘மக்’ என்றால் மகன். ‘ஓ’வுக்குப் பின் ‘ஏ’ வந்தால் இரண்டு உயிர் முட்டுகிறது. தீ + எரிந்தது = தீயெரிந்தது என்று நாம் ய் போடுகிற இடத்தில் அவர்கள் ஹ் போடுகிறார்கள்: ஓ ஹே. உடம்படுமெய், அச்சு அசலாக. இந்த ஓ ஹே-தான் ஆங்கிலத்தில் ஓஹே, ஹேய்ஸ் என்று ஆனது, சில இடங்களில் ஹியூஸ். ‘மக்’குக்குப் பின் ‘ஏ’ வந்தால்? கல் + இல் = கல்லில் மாதிரி தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கிறது: மக்கே. மெக்கே, மக்கொய் என்பவை இதுதான். ‘மக்’ சில இடத்தில் ‘மக’ என மெலிந்து, வடக்கத்தி ‘ஈ’ சேர்ந்து, மகீ ஆனது. ஆன்ட்ரிம் கடலோரத்து ஐலண்ட்மகீ, மகீ வீட்டார் தீவு. பிற்பாடு ‘மக்’கை வெட்டியவர்கள் தப்பான இடத்தில் வெட்டி, ஒட்டிய க-வையும் சேர்த்து எடுத்துக்கொண்டதால் கீ, கீஸ் என்று வந்தது. ஆய்தகான் என்ற இரட்டைச் செல்லப் பெயரிலிருந்து ஈகன், அதே வெட்டுப்பிழையால் கீகன்.

பெண்களுக்கு முன்னொட்டு மாறும். ‘ஓ ஹே’ வீட்டு மகள் ‘நீ ஏ’, அங்கே ஹ் வராது. ‘மக்’ வீட்டு மகள் ‘நிக் ஏ’. ஒரே வீட்டு அண்ணன் தங்கச்சிக்கு இரண்டு வேறு பெயர் இருப்பதைப் பார்த்து எச்.ஆர். ஆட்கள் ஆவணத்தைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு ஒன்று: அந்த ஒட்டு எச் எப்போதும் சின்ன எழுத்து, அடுத்து வரும் ஏ பெரிய எழுத்து. முழுப் பெயரும் பெரிய எழுத்தில் போனாலும் எச் சின்னதாகவே இருக்கும். ‘முதல் எழுத்தைப் பெரிதாக்கு’ என்ற கட்டளை அந்தப் பெயரை நாசம் செய்துவிடும்.

ஊர்ப் பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. 1283-இல் இறந்த ‘ஏ’ பீ ஓ நீலின் வம்சம் கிளான் ‘ஏ’ பீ. அது ஆங்கில வாயில் கிளாண்டிபாய் ஆனது. 1884 முதல் 1888 வரை இந்திய வைசிராயாக இருந்த டஃப்ரின் பிரபுவின் மாளிகைப் பெயர் அது. அதில் ‘ஏ’ எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

பரம்பரை தேடுபவர்களுக்கு வழி: அயர்லாந்தில் எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864-இல் தொடங்கியது. 1901, 1911 குடிக்கணக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். அதற்கு முந்தையவை போச்சு. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் கருகின, 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்தது. தீ என்ற பெயரைத் தேடும் தடயம் தீயிலேயே போனது. எஞ்சிய கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருந்தால் ‘ஹூகோ’ என்று தேடுங்கள். இடைக்காலப் போப்பாண்டவர் கடிதங்களில் ‘ஓடோ’, அதற்கும் முந்தைய துறவிகள் எழுத்தில் ‘ஐதுஸ்’. ‘ஓ’, ‘மக்’ போட்டும் போடாமலும் இரண்டு விதமாகத் தேட வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் உதறியவர்கள் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், ஒரே வீட்டில் அப்பனுக்கு இல்லாத ‘ஓ’ மகனுக்கு இருக்கும். ஹேய்ஸ் என்றாலே ஐரிஷ், ஹியூஸ் என்றாலே ஐரிஷ் என்றும் முடிவு கட்டாதீர்கள். முன்னது இங்கிலாந்து ஊர்ப் பெயராலும் வரும், பின்னது வேல்ஸிலும் ஏராளம். மாவட்டம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது ஆதன். கொடுமணல் பானை ஓட்டில் ‘கண்ணன் ஆதன்’ என்று கீறியிருக்கிறது. சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனும் ஆதன்தான். அப்படிப் பரவலாக இருந்த பெயர் பிறகு மறைந்தே போனது. இன்னும் மோசம், பிற்கால அகராதியில் ஆதன் என்றால் அறிவிலி, குருடன். ஆனால் குடும்பப் பெயருக்குள் தப்பித்திருக்கிறது என்பது என் கட்சி. ஆதன் + தந்தை = ஆந்தை, சாத்தன் + தந்தை = சாத்தந்தை என்பது தொல்காப்பிய விதி. ஆந்தை கூட்டம், சாத்தந்தை கூட்டம் (கூட்டம் என்றால் குலம்) என்று கொங்கில் இன்றைக்கும் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொள்கிறோம். ஆந்தை கூட்டத்துக்குப் பறவையைக் காரணம் சொல்வோர் உண்டு. சாத்தந்தையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பறவை பறந்துவிடுகிறது. அயர்லாந்துக்காரன் அப்பன் பெயரைச் சொல்லி மகனைக் குறித்தான். ஆந்தையில் மகன் பெயரைச் சொல்லி அப்பனைக் குறித்திருக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் பொருந்தும் பெயர் தேடி ஏடன், ஆதன் இரண்டும் ஒன்று என்று பெயர்த் தளங்களில் படித்துவிட்டு வருகிறார்கள். ஒன்றல்ல. ஏடன் தீ. ஆதன் நம் மண்ணுப் பெயர், அதற்குத் தீ என்ற பொருள் கிடையாது. பிடித்திருந்தால் எதையும் வைக்கலாம், அகராதியைப் பார்த்துவிட்டு வையுங்கள். நியூமராலஜிக்காக ஏடனில் இரண்டு ஒய் சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியாக, போன் பேசுகிறவர்களுக்கு. ஐரிஷில் ஒருவரை விளிக்கும்போது பெயருக்கு முன்னால் ‘அ’ என்று ஒரு விளிச்சொல் வரும். பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் பேச்சில் அது கரைந்துவிடும். எனவே அவரை அவர் அம்மா கூப்பிட்டாலும் வெறும் ‘ஏ’தான். நமக்கு அது ஆடு மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், ‘ஏனுங்க’ என்று இழுக்க நாக்கு தானாக எழும். இழுத்தால் அவருக்கு அது வேறு யார் பெயரோ. கொஞ்சம் நீட்டி, மரியாதையைக் குரலில் வைத்து, ‘ஏ’ என்று நிறுத்திக்கொள்ளுங்க.